மரபணு ஆலோசகர் உரிமமும் அதன் பொதுச் செலவும்

மரபணு ஆலோசகர் என்பவர் பரம்பரை நோய்கள் குறித்தும் மரபணுப் பரிசோதனைகள் குறித்தும் குடும்பங்களுக்கு விளக்கி, அவர்கள் தாமே முடிவெடுக்க உதவும் மருத்துவத் துறைப் பணியாளர் ஆவார். அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தொழிலுக்கு உரிமம் வழங்கச் சட்டம் இயற்றியுள்ளன. உரிமக் கட்டணத்தை ஆலோசகர்களே செலுத்துவதால் பொதுமக்களுக்குச் செலவில்லை என்று தோன்றலாம். ஆனால் அரசின் வரவு செலவுக் கணக்கில் வராத செலவுகளும் உண்டு. அவற்றின் பெரும்பகுதி நோயாளிகள் மீதே விழுகிறது.

தொழிலின் வளர்ச்சி

"மரபணு ஆலோசனை" என்னும் சொல்லை 1947 ஆம் ஆண்டு அமெரிக்க மரபியலாளர் ஷெல்டன் ரீடு உருவாக்கினார். இதற்கான முதல் முதுநிலைப் படிப்பு 1969 ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 1979 இல் உருவானது. 1993 இல் அமைந்த அமெரிக்க மரபணு ஆலோசனை வாரியம் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது.

இவ்வாரியம் அரசு அமைப்பு அன்று. அதன் சான்றிதழ் ஒருவரது தகுதியைக் காட்டும். தகுதியற்றவர் அப்பெயரில் தொழில் செய்வதைத் தடுக்காது. தடுக்கும் அதிகாரம் உரிமச் சட்டத்திற்கே உண்டு. கலிபோர்னியா 2000 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியபோதும் அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. முதலில் உரிமம் வழங்கிய மாநிலம் யூட்டா, ஆண்டு 2002.

செலவு எழும் இடங்கள்

உரிமத் திட்டத்தின் நேரடிச் செலவை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. தொடக்கச் செலவு: விதிமுறைகளை வரைதல், பொதுமக்கள் கருத்துக் கேட்டல், விண்ணப்ப முறையையும் பதிவேட்டையும் அமைத்தல். முதல் கட்டணம் வசூலாவதற்கு முன்பே இச்செலவு ஏற்படுகிறது.

2. ஆண்டுச் செலவு: விண்ணப்பங்களைச் சரிபார்த்தல், புதுப்பித்தல், தொடர்கல்வியைக் கண்காணித்தல், ஊழியர் சம்பளம்.

3. ஒழுங்கு நடவடிக்கைச் செலவு: புகார்களை விசாரித்தல், வழக்கறிஞர், விசாரணை அதிகாரி. எந்த ஆண்டு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத செலவு இது.

வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, ஒவ்வொரு தொழிலின் உரிமத் திட்டச் செலவையும் அத்தொழிலைச் செய்பவர்களே முழுமையாக ஏற்க வேண்டும். பெரிய தொழில்களுக்கு இது எளிது. மரபணு ஆலோசகர்கள் பல மாநிலங்களில் சில நூறு பேரே. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு புகாரை விசாரித்து முடிக்க 40,000 டாலர் ஆகிறது என்று கொள்வோம். ஒரு மாநிலத்தில் 1,00,000 செவிலியர்கள் இருந்தால் தலைக்கு 40 சென்ட் கூட வேண்டியதில்லை என்று சொல்லிவிட முடியாது. சரியாக 40 சென்ட் ஆகும். 200 ஆலோசகர்கள் மட்டும் இருந்தால் அதே விசாரணைக்குத் தலைக்கு 200 டாலர் ஆகும். தொழில் சிறியதாக இருப்பதே இங்கு செலவின் முதன்மைக் காரணம்.

இதைக் குறைக்க மாநிலங்கள் சில வழிகளைக் கையாளுகின்றன. தனித் தேர்வு நடத்தாமல் மேற்சொன்ன வாரியத்தின் தேர்வையே ஏற்பது ஒன்று. தனி அலுவலகம் அமைக்காமல், ஏற்கெனவே உள்ள துறையிடம் பொறுப்பை ஒப்படைப்பது மற்றொன்று.

கணக்கில் வராத செலவுகள்

பொருளியலாளர் மில்டன் பிரீட்மன் 1962 இல் வெளியிட்ட "முதலாளித்துவமும் சுதந்திரமும்" என்ற நூலில், உரிமமுறை தொழிலில் நுழைபவர்களின் எண்ணிக்கையைக் குறைத்து உள்ளே இருப்பவர்களுக்கே பயன் தருகிறது என்று வாதிட்டார். 2015 ஆம் ஆண்டு வெள்ளை மாளிகை அறிக்கை, அமெரிக்கத் தொழிலாளர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் உரிமம் தேவைப்படுகிறது என்று குறிப்பிட்டது. 1950களில் இது 5 விழுக்காட்டிற்கும் குறைவு.

மரபணு ஆலோசனை பெரும்பாலும் தொலைபேசியிலும் காணொளியிலும் நடக்கக்கூடியது. நோயாளி வேறு மாநிலத்தில் இருந்தால் அம்மாநில உரிமமும் பொதுவாகத் தேவை. பல மாநிலங்களில் பணிபுரிபவர் ஒவ்வொன்றிலும் கட்டணம் செலுத்தி, ஒவ்வொன்றிலும் புதுப்பிக்க வேண்டும். அருகில் ஆலோசகர் இல்லாத ஊரில் வாழும் நோயாளிக்கு இதனால் காத்திருப்பு நீளலாம். அந்தக் காத்திருப்பும் ஒரு செலவே.

ஒழுங்குபடுத்தாமல் விட்டால்

மறுபக்கமும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் அரிவாள் செல் நோய்க்குக் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்களை இயற்றின. மரபணுவைச் சுமப்பவருக்கும் நோயாளிக்கும் உள்ள வேறுபாடு சரியாக விளக்கப்படவில்லை. உடல்நலத்துடன் இருந்த கறுப்பின மக்கள் பலர் வேலையிலும் காப்பீட்டிலும் பாகுபாட்டைச் சந்தித்தனர். இன்றும் மார்பகப் புற்றுநோய் தொடர்பான மரபணு முடிவைத் தவறாகப் படித்தால், தேவையற்ற அறுவை சிகிச்சை நடக்கலாம். தேவையான சிகிச்சை தவறியும் போகலாம்.

பணச் சேமிப்பும் உண்டு. யூட்டாவிலுள்ள ஏஆர்யூபி ஆய்வகத்தில், மருத்துவர்கள் கோரிய சிக்கலான மரபணுப் பரிசோதனைகளை ஆலோசகர்கள் சரிபார்த்தபோது ஏறத்தாழ கால் பங்கு கோரிக்கைகள் மாற்றப்பட்டன என்று 2014 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இது ஆலோசகரின் பயனைக் காட்டுகிறது. உரிமத்தின் பயனைக் காட்டவில்லை. உரிமம் வேண்டும் என்பவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கம்.

காப்பீடும் பொதுநிதியும்

உரிமம் கேட்பதற்குக் காப்பீடும் ஒரு காரணம். உரிமம் பெற்ற தொழிலைக் காப்பீட்டு நிறுவனங்கள் எளிதில் ஏற்கும். ஆனால் முதியோருக்கான கூட்டரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், மரபணு ஆலோசகர்களைத் தனித்துக் கட்டணம் பெறுவோராக ஏற்பதில்லை. அதை மாற்றும் மசோதா காங்கிரசில் பலமுறை கொண்டுவரப்பட்டுள்ளது. அது நிறைவேறினால் பொதுநிதியிலிருந்து புதிய செலவு பிறக்கும்; தேவையற்ற பரிசோதனைகள் குறைந்தால் அதில் ஒரு பகுதி மீளும்.

மதிப்பிடும் முறை

புதிய தொழிலுக்கு உரிமம் தருவதற்கு முன் சில மாநிலங்கள் முன்னாய்வு நடத்துகின்றன. வாஷிங்டனில் இதற்கான சட்டம் 1983 முதல் உள்ளது. ஒழுங்குபடுத்தாவிட்டால் மக்களுக்குத் தெளிவான தீங்கு நேருமா, தொழில் செய்பவரின் தகுதிக்கு மக்களிடம் உறுதி தேவையா, அதைவிடக் குறைந்த செலவில் காக்கும் வேறு வழி உண்டா என்பவை அதன் கேள்விகள். மூன்றாவது கேள்வியே மரபணு ஆலோசகர்களுக்கு முக்கியமானது. பதிவேடு மட்டும் வைப்பது, பெயருக்கு மட்டும் பாதுகாப்புத் தருவது, முழு உரிமம் ஆகியவை படிப்படியாகச் செலவு கூடும் வழிகள். தீங்கின் அளவுக்கு ஏற்ற படியைத் தேர்வதே சிக்கனம். அதைவிட உயர்ந்த படியைத் தேர்ந்தால், கூடுதல் செலவு கட்டணமாகவும் காத்திருப்பாகவும் நோயாளியிடமே வந்து சேரும்.