எலப்புள்ளிக் காற்றில் பத்து நானோகூலூம்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடமே மின்னூட்டம்தான். கேரளத்தில் பள்ளிகள் திறப்பது ஜூன் 1-ஐ ஒட்டி. தென்மேற்குப் பருவமழை அங்கே தொடங்கும் வழக்கமான தேதியும் ஜூன் 1. ஆக, உலர்ந்த காற்று இருந்தால்தான் நன்றாகப் பலிக்கும் ஒரு சோதனையை, ஈரம் மிகுந்த நாட்களில் பாலக்காடு மாவட்டத்து எலப்புள்ளிப் பிள்ளைகள் கரும்பலகையில் மட்டும் பார்க்கிறார்கள். அதே ஊரில் ஜனவரியில் நிலைமை வேறு. கோவைப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்றில் உதடு வெடிக்கும். டெரிகாட்டன் சட்டையைக் கழற்றினால் சடசடக்கும். அந்தக் காற்றைப் பாடத்துக்குப் பயன்படுத்த ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2 செ.மீ. விட்டமுள்ள தெர்மாகோல் பந்து இரண்டு, அவற்றைச் சுற்ற அலுமினியத் தாள், தலா 50 செ.மீ. நைலான் நூல், ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, தேய்க்கக் கம்பளித் துணி. 100 ரூபாய் போதும். பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தைக் குடித்து மின்னூட்டத்தைக் கடத்திவிடும். இரண்டு பந்துகளையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டு, தேய்த்த குழாயால் தொட்டால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும்.

பந்து ஒன்றின் எடை 0.1 கிராம், மையத்துக்கு மையம் விலகல் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நூல் ஒவ்வொன்றும் 5.7 டிகிரி சாயும். விலக்குவிசை பந்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு. இதிலிருந்து கிடைக்கும் மின்னூட்டம் பந்துக்குச் சுமார் 10 நானோகூலூம். அதாவது ஏறக்குறைய 6,500 கோடி எலக்ட்ரான்கள். பந்தின் மின்னழுத்தமோ 10,000 வோல்ட்டைத் தொடும். வயல் வழியே போகும் மின்கம்பியில் இருப்பது 11,000 வோல்ட். அந்தக் கம்பி உயிரை எடுக்கும். இந்தப் பந்து எறும்பைக்கூட ஒன்றும் செய்யாது. இரண்டு பந்திலும் சேர்த்து இருக்கும் ஆற்றல் சுமார் 0.0001 ஜூல்தான். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். அதைக் கொண்டு இந்தச் சோதனையை 3,000 கோடி முறைக்கு மேல் செய்யலாம். வோல்ட்டும் ஆற்றலும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு பந்தில் இரட்டிப்பு மின்னூட்டம் இருந்தால் அதுதான் அதிகம் விலகும் என்று எழுதிவிடுவார்கள். எடை சமமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவுதான் சாயும். விசை இரண்டுக்கும் பொது.

தேர்வு வினாக்களிலும் ஒரு குறை. சிறு பந்துக்கு 1 மைக்ரோகூலூம் என்று தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். 1 செ.மீ. ஆரமுள்ள பந்தில் அவ்வளவு ஏற்றினால் அதன் பரப்பில் மின்புலம் மீட்டருக்கு 9 கோடி வோல்ட். காற்று தாங்குவது 30 லட்சம். அதாவது 33 நானோகூலூமுக்கு மேல் அந்தப் பந்தில் நிற்கவே நிற்காது. நடக்க முடியாத எண்ணை வைத்து விடை கண்டுபிடித்து என்ன பயன்?

1785-இல் கூலூம் முறுக்குத் தராசில் பார்த்த எண்கள் நிஜமானவை. பந்துகள் 36 டிகிரி விலகி நின்றபோது முறுக்கு (அதுதான் விசையின் அளவு) 36 டிகிரி. 18 டிகிரிக்கு நெருக்க 144. எட்டரை டிகிரிக்கு 575.5. முதல் படியில் தூரம் பாதி, விசை நான்கு மடங்கு. கடைசிப் படியில் விதிப்படி 646 வர வேண்டும்; சுமார் 11 விழுக்காடு குறைகிறது. மின்னூட்டம் காற்றில் கசியும் என்பதை அவரும் அறிந்திருந்தார்.

அந்தக் கசிவையும் நம் பந்துகளிலேயே அளக்கலாம். மின்னூட்டம் பாதியானால் 10 செ.மீ. விலகல் 6.3 ஆகும், கால் பங்கானால் 4. ஒரு கடிகாரமும் அளவுகோலும் போதும். ஜூனில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை அளந்தால் கணவாய்க் காற்றின் வேறுபாடு பிள்ளைகளின் நோட்டிலேயே பதிவாகிவிடும்.

பொதுத்தேர்வு மார்ச்சில். ஆசிரியர்களே, அதற்கு முன் ஜனவரியில் ஒரே ஒரு பிரிவேளையை இதற்கு ஒதுக்குங்கள்.