ஒரு மாதம், ஒரு நகரம், ஒரு கார்டு: உலகக் கோப்பையை தோஹா எப்படிச் சமாளித்தது?

ஊர்த் திருவிழா என்றால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பஸ் வேறு பாதையில் போகும். கடைத்தெருவுக்குள் வண்டி விட மாட்டார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இதுவே ஒரு மாதம் தொடர்ந்தால்? வருகிறவர்கள் லட்சக்கணக்கில், அதுவும் வெளிநாடுகளில் இருந்து வந்தால்?

2022-ல் கத்தார் தலைநகர் தோஹாவுக்கு வந்த சவால் இதுதான். நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை ஃபிஃபா உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி அங்கே நடந்தது. 32 அணிகள், 64 ஆட்டங்கள், 8 மைதானங்கள். எட்டு மைதானங்களும் தோஹாவிலும் அதைச் சுற்றியுமே இருந்தன. முதல் சுற்றில் பெரும்பாலான நாட்களில் தினமும் நான்கு ஆட்டங்கள். சுமார் 30 லட்சம் பேர் வாழும் ஒரு சின்ன நாட்டுக்கு, அரசுக் கணக்குப்படி 14 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து போனார்கள்.

இத்தனை பேரை எப்படிச் சமாளித்தார்கள்? பதிலில் பாதி, கைபேசிக்குள் இருந்தது. மீதிப் பாதி என்ன என்பதையும் பார்த்துவிடலாம், வாங்க.

ஹய்யா கார்டு: மூன்று வேலைக்கு ஒரே அட்டை

‘ஹய்யா’ என்றால் அரபியில் ‘வாங்க, போகலாம்’ என்று அர்த்தம். ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்கியவர் இணையத்திலோ செயலியிலோ இந்தக் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் விவரம், பாஸ்போர்ட் விவரம், புகைப்படம், தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஒப்புதல் வந்ததும் கார்டு கைபேசிக்கு வந்துவிடும்.

இந்த ஒரு கார்டு மூன்று வேலை செய்தது:

1. நாட்டுக்குள் நுழைவு அனுமதி. தனியாக விசா எடுக்க வேண்டியதில்லை.
2. மைதான நுழைவு. வாசலில் டிக்கெட்டோடு ஹய்யாவும் காட்ட வேண்டும். கத்தாரில் வசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.
3. இலவசப் பயணம். நவம்பர் 10 முதல் டிசம்பர் 23 வரை மெட்ரோவிலும் பேருந்திலும் கட்டணம் இல்லை.

தோஹாவில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் கிடைத்தது. ஹோட்டல் வாடகை எகிறியிருந்த நேரம் அது. வீட்டு முகவரியைப் பதிவு செய்தால், உறவினர், நண்பர்கள் என 10 பேர் வரை தங்கவைக்கலாம் என்று அரசு அனுமதித்தது.

மெட்ரோதான் முதுகெலும்பு

தோஹா மெட்ரோ 2019-ல்தான் ஓடத் தொடங்கியது. சிவப்பு, பச்சை, தங்கம் என்று மூன்று தடங்கள், 37 நிலையங்கள், ஓட்டுநர் இல்லாத ரயில்கள். சாதாரண நாளில் ஒரு பயணத்துக்கு 2 ரியால், நாள் முழுக்கச் சுற்ற 6 ரியால். போட்டிக் காலத்தில் 110 ரயில்கள், விடியற்காலை 3 மணி வரை ஓடின. இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்த பிறகும் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையை இது கொடுத்தது.

ஆனால், எல்லா மைதானத்துக்கும் மெட்ரோ போகவில்லை. தொடக்க ஆட்டம் நடந்த அல் பைத் மைதானம் நகரத்துக்கு வடக்கே அல் கோர் பகுதியில் இருக்கிறது. அங்கே போக, லுசைல் நிலையம் வரை மெட்ரோ, அதற்கு மேல் பேருந்து. கடைசி மைல் பயணத்தையும் சேர்த்து யோசித்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நிலையத்தில் இறங்கியவரை ‘இனி உங்கள் பாடு’ என்று விட்டுவிடவில்லை.

உள்ளூர்க்காரர்களுக்கு என்ன ஆனது?

வந்தவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றால் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டும். பள்ளிகளுக்குப் போட்டிக் காலம் முழுக்க விடுமுறை. நவம்பர் 1 முதல் டிசம்பர் 19 வரை அரசு ஊழியர்களில் 80 சதவீதம் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அலுவலகத்துக்கு வந்தவர்களுக்கும் காலை 7 முதல் 11 மணி வரைதான் நேரம். கடலோரச் சாலையான கார்னிஷ், வாகனங்களுக்கு மூடப்பட்டு நடைபாதையாக மாறியது.

இந்தத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்ததால் குடும்பங்கள் திட்டமிட முடிந்தது. ஆனால், எல்லோருக்கும் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, நகரின் மையப் பகுதியில் சில கட்டடங்களில் குடியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குறுகிய கால அறிவிப்பில் காலி செய்யச் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. விழா ஒன்றுதான். ஒருவருக்கு அது விடுமுறை, இன்னொருவருக்கு மூட்டை கட்ட வேண்டிய நாள்.

செயலி சிக்கினால்?

நவம்பர் 21, போட்டியின் இரண்டாவது நாள். கலீஃபா சர்வதேச மைதானத்தில் இங்கிலாந்து - ஈரான் ஆட்டம். வாசலுக்கு வந்த ரசிகர்கள் பலரின் கைபேசியில் டிக்கெட்டைக் காணோம். ஃபிஃபாவின் டிக்கெட் செயலியில் கோளாறு. கையில் காகிதம் எதுவும் இல்லை, செயலியும் திறக்கவில்லை. உள்ளே ஆட்டம் தொடங்கியபோது வெளியே பலர் நின்றுகொண்டிருந்தார்கள். பதிவு செய்த மின்னஞ்சலைப் பாருங்கள், வழிமுறை அனுப்பப்படும் என்று ஃபிஃபா அறிவித்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மின்னஞ்சல் கடவுச்சொல் நினைவில் இருந்தவருக்குத்தான் அந்த அறிவிப்பால் பலன். செயலியில் ஒருமுறை பதிவு செய்துவிட்டு மின்னஞ்சலையே மறந்துவிடும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு.

ஹய்யாவைப் பொறுத்தவரை ஒரு மாற்று ஏற்பாடு இருந்தது. உதவி மையங்கள் திறந்து, அச்சிட்ட அட்டையும் கொடுத்தார்கள். கைபேசி சார்ஜ் தீர்ந்தவர், திரை உடைந்தவர், வயதானவர் எல்லோருக்கும் நேரில் போய் ஒரு ஆளிடம் கேட்க ஓர் இடம் இருந்தது.

ஒரு நாற்காலி, ஒரு நுரைக் கை

இந்த உலகக் கோப்பையில் உலகம் முழுக்க வைரலான ஒருவர் கால்பந்து வீரரே இல்லை. கென்யாவிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளைஞர். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய நுரைக் கையை நீட்டி, ‘மெட்ரோ? இந்தப் பக்கம்!’ என்று ஒலிபெருக்கியில் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டமும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது, எல்லோரும் குனிந்து கைபேசியில் வரைபடம் பார்த்தால் கூட்டம் தேங்கிவிடும். தலை நிமிர்ந்து பார்த்தால் தெரியும் ஒரு கை, காதில் விழும் ஒரு குரல். பதட்டமாக நெருக்க வேண்டிய கூட்டம் பாடிக்கொண்டே நகர்ந்தது. தொடக்கத்தில் சொன்ன மீதிப் பாதி இதுதான்: மனிதர்கள்.

உங்கள் தகவல் யாரிடம்?

ஹய்யாவோடு ‘எஹ்தராஸ்’ என்ற கொரோனா கண்காணிப்புச் செயலியும் பேசுபொருளானது. இந்தச் செயலிகள் தேவைக்கு அதிகமாகத் தகவல் எடுக்கலாம் என்று ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரித்தன. சொந்தக் கைபேசிக்குப் பதிலாக வேறு கைபேசியில் நிறுவுங்கள் என்றுகூடச் சொன்னார்கள். எஹ்தராஸ் விதியை கத்தார் பின்னர் தளர்த்தியது. நவம்பர் 1 முதல் மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போனால் மட்டும் அது போதும் என்றானது.

எந்தச் செயலியாக இருந்தாலும் ‘அனுமதி’ பொத்தானைத் தட்டும் முன் ஒரு நொடி நில்லுங்கள். இருப்பிடம், தொடர்பு எண்கள், புகைப்படங்கள்... இதெல்லாம் இந்த வேலைக்கு உண்மையிலேயே வேண்டுமா?

மைதானத்தைக் கட்டியவர்கள்

தோஹாவின் கதையை மெட்ரோவோடும் செயலியோடும் முடித்துவிட முடியாது. மைதானங்களையும் சாலைகளையும் கட்டியவர்கள் பெரும்பாலும் இந்தியா, நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து போனவர்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு.

உலகத்தின் பார்வை விழுந்த பிறகு சில சட்டங்கள் மாறின. வேலை மாற முதலாளியின் அனுமதி தேவை என்ற விதி 2020-ல் நீக்கப்பட்டது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்று ஆனது. கோடைக் காலத்தில் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை வந்தது.

உயிரிழப்பு பற்றிய கேள்வி மட்டும் ஓயவில்லை. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, ஏற்பாட்டுக் குழுவின் தலைமைச் செயலர் ஹசன் அல் தவாதி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் 400 முதல் 500 பேர் என்றார். அது 2014 முதல் 2020 வரை நாடு முழுக்க, எல்லாத் துறைகளிலும் வேலையில் நேர்ந்த 414 மரணங்களைக் குறிக்கிறது என்று குழு பிறகு விளக்கியது. முழு விசாரணையும் குடும்பங்களுக்கு இழப்பீடும் வேண்டும் என்று மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து கேட்டன.

இன்னொரு விஷயம் நம் வீட்டுக்கு நேரடியாகத் தொடர்புடையது. வேலைக்குப் போனவர்கள் பலர் சொந்த ஊரிலேயே ஏஜென்டுக்குப் பெரும் தொகை கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தார்கள். அதற்கு ரசீது இல்லை. மைதான வேலைகளை எடுத்த ஒப்பந்த நிறுவனங்கள் அந்தத் தொகையைத் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

உங்கள் கைபேசியில் செய்ய வேண்டியவை

*ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு:*

• டிக்கெட்டை அதிகாரப்பூர்வ செயலியில் மட்டும் வாங்குங்கள். ‘ஸ்கிரீன்ஷாட் அனுப்புறேன், பணம் போடுங்க’ என்பவரை நம்ப வேண்டாம்.
• பதிவு செய்த மின்னஞ்சல், கடவுச்சொல் இரண்டையும் கிளம்பும் முன் ஒருமுறை சோதியுங்கள்.
• பாஸ்போர்ட் முதல் பக்கம், தங்கும் இட முகவரி, அவசர எண்கள் ஆகியவற்றைக் காகிதத்திலும் வைத்திருங்கள். கத்தாரில் அவசர உதவி எண் 999.
• பவர் பேங்கை மறக்க வேண்டாம். மைதானத்துக்குள் அனுமதி உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.
• கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்க ஓர் இடத்தைக் குடும்பத்தோடு பேசி வையுங்கள். நெரிசலில் நெட்வொர்க் கிடைக்காமல் போகலாம்.

*வேலைக்குப் போகிறவர்களுக்கு:*

• ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள்.
• ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதற்கான ஜிஎஸ்டி தனி. எவ்வளவு கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள்.
• குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.
• தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் வெளிநாட்டு வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.
• ஒப்பந்தத்தின் நகலைப் படமெடுத்து, வீட்டில் ஒருவரின் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.

போட்டி முடிந்த பிறகும் ஹய்யா மூடப்படவில்லை. இன்று கத்தாருக்குச் சுற்றுலா விசா எடுக்கும் தளமாக அது மாறியிருக்கிறது. ஒரு மாதத்துக்காகக் கட்டிய சேவை, அதன் பிறகும் மக்களுக்குப் பயன்படுகிறது. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ யாராவது வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், மேலே உள்ள இரண்டாவது பட்டியலை மட்டுமாவது இன்றே அவருக்கு ஃபார்வர்டு செய்துவிடுங்கள்.