காங்கேசன்துறைக்கு ஒலுவில் தரும் பாடம்

யாழ்ப்பாணத்து நண்டும் நீர்வேலி வாழைக்குலையும் வெளிநாடு போவதென்றால், அவை பெரும்பாலும் லொறியேறி ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கே போய்ச் சேரவேண்டும். வழியில் ஐஸ் கரைகிறது, குலை அடிபடுகிறது, லொறிக்கூலி விலையிலிருந்து கழிகிறது. இத்தனைக்கும் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் சுமார் 60 கடல் மைல்தான்.

கடல் வாணிபம் எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் பாய்க்கப்பல்களில் திருவிதாங்கூருக்குச் சென்றது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990இல் போரினால் மூடப்பட்டது. அதன்பின் தரைப்பாதை அடைபட்ட காலங்களில் குடாநாட்டுக்கான உணவுப் பொருட்களைக் கப்பல்கள் இத்துறையில் இறக்கின. துறைமுகப் புனரமைப்புக்கென 2018இல் 45.27 மில்லியன் டொலர் இந்தியக் கடனுக்கு உடன்படிக்கையாயிற்று. 2024இல் 61.5 மில்லியன் டொலரை நன்கொடையாகவே தர இந்தியா இணங்கியது. 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. சில நாட்களிலேயே வாடைக்காலம் அதை நிறுத்திவிட, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

பணம் வருகிறதென்று மகிழுமுன் ஒலுவிலைப் பார்த்துவர வேண்டும். டென்மார்க் கடனுதவியுடன் கட்டப்பட்ட அத்துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கிழக்குக் கரையோரமாக மணல் வடக்கு நோக்கி நகர்வது இயல்பு. அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தடுக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலை அடைத்தது. மணல் வந்து சேராத வடபுறத்தில் கடல் கரையை அரித்துத் தென்னந்தோட்டங்களை விழுங்கியது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் வரவில்லை. கடற்றொழிலாளரின் படகுகளே வெளியேற முடியாமல் முடங்கின. கட்டுவதற்குக் கடன் கிடைத்தது. ஆண்டுதோறும் மணல் அள்ளும் செலவு யாருடையது, எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் ஏறும் என்பவற்றுக்குத்தான் விடை இருக்கவில்லை.

காங்கேசன்துறையில் இக்கேள்விகளை இப்போதே கேட்கவேண்டும். வாழைக்குலை கப்பலேறத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவை. அதை வழங்கும் அதிகாரியும் சுங்க அலுவலரும் துறைமுகத்திலேயே இல்லாவிடின், ஒரு கையொப்பத்துக்காகக் கமக்காரர் மறுபடியும் தெற்கே ஓடவேண்டியதுதான். குளிரூட்டிய களஞ்சியம் வேண்டும். கப்பல் புறப்படும் நாள் முன்கூட்டியே தெரியவேண்டும். வாடைக்காலத்துக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும். இலங்கைத் துறைமுகங்கள் அதிகாரசபை 1979 முதல் கொழும்பிலிருந்து இயங்குகிறது. கட்டண விகிதத்தையும் கப்பல் நாட்களையும் தீர்மானிக்கும்போது இங்குள்ள கமக்காரருக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் ஓர் இருக்கையாவது தருவது நியாயமல்லவா?

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. துறைமுகம் இருபக்கமும் திறக்கும் கதவு. எமது வெங்காயம் கிண்டும் வாரத்தில் அக்கரை வெங்காயம் குறைந்த கூலியில் வந்திறங்கினால், வலிகாமத்துக் கமக்காரர் துறைமுகத்தைச் சபிப்பார். அறுவடைக் காலத்தையொட்டி இறக்குமதி வரியைக் கூட்டிக் குறைப்பதும் துறைமுகத் திட்டத்தோடு சேர்த்துப் பேசப்படவேண்டிய விடயமே.

ஒரு கொள்கலனை நிரப்ப ஏறக்குறைய 20 தொன் வேண்டும். அரை ஏக்கர்க்காரர் தனியே நிரப்பமாட்டார். கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் சேர்த்தால் நிரம்பும். எந்த மாதத்தில், எந்தப் பயிரில், வாரத்துக்கு எத்தனை கிலோ தரமுடியும் என்று உங்கள் சங்கம் இந்தப் போகத்திலிருந்தே ஒரு கொப்பியில் பதியத் தொடங்கலாம். கப்பல்காரர் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.