அளவு சரி, சட்டை ஏன் பத்தவில்லை?

தையல் பழகும் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. மார்புச் சுற்றளவு 32 அங்குலம் என்றால் துணியையும் 32க்கே வெட்டிவிடுவார்கள். தைத்துப் போட்டுப் பார்த்தால் பட்டன் இழுக்கும், கை தூக்க வராது. உடனே, "நான் குண்டாயிட்டேன் டீச்சர்" என்பார்கள். உடம்பின் மேல் என்ன தப்பு? தப்பு கணக்கில்தான்.

உடலின் அளவு வேறு, உடுப்பின் அளவு வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தளர்வு. தையல் கடையில் 'லூஸ்' என்பார்கள். மூச்சை இழுத்தால் மார்பு விரியும், உட்கார்ந்தால் இடுப்பு அகலும். அதற்கு விடும் இடம் இது. இழுபடாத பருத்தித் துணியில் தைக்கும் சட்டைக்கு மார்பில் 2 முதல் 4 அங்குலம், இடையில் 1, இடுப்பில் 2 என்று தொடங்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 32 + 4 = 36. முன்பக்கமும் பின்பக்கமும் துணியை மடித்து வெட்டுவதால் நான்கால் வகுக்கிறோம்: 9 அங்குலம். தளர்வை மறந்தால் 8. ஒரு அங்குலம்தானே என்று விட்டால், சுற்றளவில் 4 அங்குலம் போய்விடும். தையலுக்கு விடும் ஓரத் துணி தளர்வில் சேராது. அதைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

அசைவுக்கு வேண்டியதற்கு மேல், தோற்றத்துக்காகவும் தளர்வு வைப்பதுண்டு. பாஜு கூரோங் உடம்பைப் பிடிக்காமல் தொங்குவது அதனால்தான். அதன் அக்குளில் 'கெக்கெக்' என்ற சிறு துண்டு வைத்துத் தைப்பார்கள்; கை தாராளமாக உயரும். சேலை ரவிக்கைக்குத் தளர்வு மிகக் குறைவு. நீச்சலுடையோ உடலளவை விடச் சிறியது. துணியே இழுபட்டுக் கொடுக்கும்.

வகுப்பில் செய்து காட்ட ஒரு வழி: நீட்டிய கையின் முழங்கையைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒன்றை இறுக்கமாக ஒட்டி, கையை மடக்கச் சொல்லுங்கள். காகிதம் கிழியும், அல்லது கையைப் பிடிக்கும். பிறகு அளவு நாடாவால் கையை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை அளக்கட்டும். அந்த வித்தியாசம்தான் முழங்கைக்கு வேண்டிய குறைந்தபட்சத் தளர்வு.

மார்பு, இடுப்பு அளவுகளை வகுப்பில் சத்தமாகச் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் அவரவர் தாளில் எழுதிக்கொள்ளட்டும். பக்கத்திலேயே 'தளர்வு' என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால், வெட்டும்போது மறக்க மாட்டார்கள்.