கேட்பவரைக் கேட்கும் கருவி

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் செய்தியை மேனாட்டார்க்கு எழுதி அறிவித்தவருள் ஒருவர், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற் ஆவார். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த அவர், இரவிலே தோணியேறி வாவியுட் சென்று அவ்வொலியைக் கேட்டார். தோணியின் மரத்திலே செவியை வைத்தபோது ஒலி மிகுந்து கேட்டதென 1859இல் வெளிவந்த தமது நூலிற் குறித்தார். பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகே தண்டின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியிற் காதை வைத்து நம்மவர் கேட்டதும் அம்முறையே. சென்ற நூற்றாண்டிலே அருட்டந்தை லாங் அவர்களின் துணையோடு அவ்வொலி பதிவாகி இலங்கை வானொலியிலும் ஒலித்தது. அதனைக் கேட்டவர் யாவர், பாதியிலே எழுந்து போனவர் யாவர் என்பதை மீனும் அறியாது. வானொலி நிலையமும் அறியாது. அறியாமையின் அருமையை நாம் அப்போது உணரவில்லை.

கொழும்பிலே வானொலி தொடங்கிய ஆண்டு 1925. பின்பு வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் அனுமதிப்பத்திரம் பெறல்வேண்டுமென்ற விதி இருந்தது. எவர் வீட்டிலே பெட்டியுண்டென்பதை அரசாங்கம் அறிந்திருந்தது; பெட்டி திறந்திருந்ததா, அதன்முன் இருந்தவர் செய்தி கேட்டாரா, உறங்கினாரா என்பதை அறியாது. நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை எழுதி, தம் பெயரும் ஊரும் நாடெங்கும் ஒலிக்கவேண்டுமென்று தவங்கிடந்தவர் நம் பழைய மாணவருள்ளும் உளர். அன்னார் இரகசியத்தைத் தாமே விற்றவரல்லரோ என்று இளைஞர் வினவலாம். விற்றவர் அவரே, விலை சொன்னவரும் அவரே. அட்டையில் எழுதாத எதுவும் ஒலிபரப்பாகவில்லை.

இனி, இக்காலத்து மாணவர் கேட்கும் பொட்காஸ்ட் என்பதற்கு வருவோம். வலையொலி என்று நாம் வழங்குவது அதனையே. ஐபொட் என்னும் கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்து, 2004ஆம் ஆண்டில் பென் ஹாமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளர் கார்டியன் பத்திரிகையிலே இச்சொல்லை எழுதினார். அதன் இயக்கம் எளியது. பேசுபவர் தம் பேச்சைப் பதிவுசெய்து இணையத்திலுள்ள ஒரு கணினியில் வைப்பார். கூடவே, வெளியான பகுதிகளின் பட்டியலொன்றையும் வைப்பார். நம் தொலைபேசியிலுள்ள செயலி அப்பட்டியலை இடையிடையே எட்டிப்பார்த்து, புதியது கண்டால் எடுத்துவரும். சந்தா கட்டிய சஞ்சிகை தபாலில் வருவது போன்றதே. அலைவரிசையும் வேண்டா, கோபுரமும் வேண்டா, ஒரு தொலைபேசியும், நாய் குரைக்காத அறையும் போதும். (இரண்டாவது நம்மூரிற் கிடைத்தற்கரியது.)

இவ்வெளிய முறையிலே, பேச்சை வைத்திருக்கும் கணினி அறிவது சிறிதே: எந்த இணைய முகவரியிலிருந்து, எந்நேரத்தில், எச்செயலி எடுத்துச்சென்றது என்பவை. எடுத்தவர் கேட்டாரா என்பது தெரியாது. ஆயின், ஸ்பொட்டிஃபை போன்ற செயலியினூடே கேட்கும்பொழுது நிலை வேறு. எந்த நிமிடத்தில் நிறுத்தினோம், எதனைத் தாண்டினோம் என்பன அந்நிறுவனத்தின் ஏட்டிலே பதிவாகின்றன. வகுப்பிலே என் பாடத்தை எவர் எந்த நிமிடம்வரை கேட்டாரென்று காட்டும் கருவி இதுவரை எனக்கு வாய்க்கவில்லை. வாய்க்காதிருப்பதே நன்று.

“சேர், நாங்கள் குடை வாங்கவேணும் என்று கதைத்தோம், உடனே குடை விளம்பரம் வந்தது. போன் ஒட்டுக்கேட்கிறதா?” என்று மாணவனொருவன் வினவினான். பலர்க்கும் உள்ள ஐயம் இது. அமெரிக்காவின் நோர்த்ஈஸ்ரேண் பல்கலைக்கழகத்தார் 17,000க்கு மேற்பட்ட செயலிகளை ஆராய்ந்து, 2018இல் வெளியிட்ட முடிவிலே, அவை இரகசியமாய் ஒலியைப் பதிந்து அனுப்பியதற்குச் சான்று காணவில்லை. ஆனால், சில செயலிகள் திரையிற் காண்பதைப் படம்பிடித்துப் பிறர்க்கு அனுப்பியதைக் கண்டனர். நாம் எங்கே நிற்கிறோம், எதைத் தேடினோம் என்பன தெரிந்தவனுக்கு, மாரி பிறக்கும் மாதத்திலே நமக்குக் குடை வேண்டுமென்று ஊகிக்க ஒட்டுக்கேட்டல் எதற்கு?

செவிகொடுக்கும் கருவியே இல்லையென்று கொள்ளவும் கூடாது. ஆப்பிள் நிறுவனத்தின் தொலைபேசியிலே சிரி என்னும் பெயரோடு ஓர் ஏவலாள் உண்டு. பெயரைக் கண்டு நகைக்கற்க. அழைத்தாற் பேசும் அவ்வேவலாள், அழையாதபோதும் சில வேளைகளில் விழித்துக்கொண்டதையும், அவ்வாறு பதிவானவற்றுட் சிலவற்றை ஒப்பந்தக்காரர் தரம்பார்ப்பதற்காகக் கேட்டதையும் 2019இற் பத்திரிகை வெளிப்படுத்திற்று. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இதன் தொடர்பான வழக்கொன்றிலே, தவற்றை ஏற்காமலே, 95 மில்லியன் டொலர் கொடுக்க உடன்பட்ட செய்தி 2025இன் தொடக்கத்திலே வெளிவந்தது.

என்னை இவற்றினும் உறுத்துவது, தொடர்பு இலக்கங்களைக் கேட்கும் சிறு பெட்டி. “அனுமதிக்க” என்பதை அழுத்தும்போது நான் கொடுப்பது என் இலக்கத்தையன்று. என்னை நம்பித் தம் இலக்கத்தைத் தந்த முந்நூறு பேருடையதை. என் வீட்டுத் திறவுகோலை நான் கொடுக்கலாம். அயலார் வீட்டுத் திறவுகோலைக் கொடுக்க எனக்கு ஏது உரிமை? நம் நாட்டிலே தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் 2022இல் நிறைவேறியது. 2025 மார்ச்சிலே செயற்படவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டம் வந்தாலும், ரீலோட் கடையிலே கொப்பியைத் திறந்து வைத்து, வரிசையில் நிற்போரெல்லாம் கேட்க நம் பிள்ளைகள் இலக்கம் சொல்லும் வழக்கம் தானே நீங்காது.

பிறரைக் குறைகூறும் நான் என் வகுப்பின் கதையையும் சொல்லவேண்டும். நாட்டார் பாடல்களைப் பதிந்து வலையொலியாக்க மாணவர் சிலர் முயன்றனர், தூண்டியவன் நான். ஒருவன் படுவான்கரையிலே தன் பெத்தாவிடம் சென்று பொலிப்பாட்டும் தாலாட்டும் பதிந்து வந்தான். பாட்டுக்கிடையே கிழவி, வயற்காணிப் பங்கிலே தம்பி செய்த வஞ்சகத்தையும் சொல்லியிருந்தார். பேச்சு இயல்பாயிருந்தமையால் பையன் அதனை வெட்டவில்லை. கேட்டு ஒப்புதல் கொடுத்த நானும் சுவையில் மயங்கி வெட்டச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அது கனடாவிலுள்ள தம்பியின் மகளுடைய தொலைபேசியில் ஒலித்தது.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். கிழவி என்னை ஏசவில்லை. பேரனைப் பார்த்து, “உனக்குத்தானே மனே சொன்னன், ஊருக்கா சொன்னன்?” என்றார்.

அப்பகுதியை இணையத்திலிருந்து நீக்கினோம். எடுத்துச்சென்றவர் கைகளிலுள்ள பிரதிகளை நீக்க வழியில்லை. எத்தனை என்று எண்ணவும் வழியில்லை. அக்கா தம்பி பிள்ளைகள் இன்னும் பேசிக்கொள்வதில்லையெனக் கேள்வி. அதன்பின் மாணவர், பதிந்ததைப் பாடினவர்க்கே முதலிற் போட்டுக் காட்டி, அவர் வேண்டாமென்றதை அவர் கண்முன்னே அழிக்கின்றனர்.

சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள் அக்கிழவியே பேரனை அழைத்து, விடுபட்ட தாலாட்டொன்றைப் பாடிக் கொடுத்தார். பாடி முடிந்ததும், தொலைபேசியைக் கொண்டுபோய் முற்றத்து மாமரத்தடியில் வைத்துவிட்டு வரச் சொன்னார். பின்புதான் வாயைத் திறந்து வீட்டுக் கதை பேசினாராம். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.