அம்புக்குறி அறிந்ததும் அறியாததும்

கையால் கியர் மாற்றும் கார்களின் வேகமானிக்கு அருகில் மேல்நோக்கிய ஒரு சிறு அம்புக்குறி அவ்வப்போது ஒளிர்ந்து மறைகிறது. அதன் பக்கத்தில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் ஓர் எண் நொடிக்கு நொடி ஏறி இறங்குகிறது. முன்னதை ஓட்டுநர்கள் பொருட்படுத்துவதில்லை, பின்னதை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். இரண்டுமே நேரடி அளவீடுகள் அல்ல, கணினி போட்டுத் தரும் கணக்குகள் என்பது தெரிந்தால், எதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெளிவாகும்.

சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓடும் காருக்குத் தேவைப்படும் ஆற்றல் எந்தக் கியரில் ஓடினாலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 2,800 முறை சுழலும் ஒரு சிறிய எஞ்சின், ஐந்தாம் கியரில் 1,700 முறை அளவில் சுழன்றே அதே வேலையை முடித்துவிடுகிறது. சுழற்சி குறையக் குறைய, பிஸ்டன் முதலிய உறுப்புகள் உராய்வதால் வீணாகும் ஆற்றலும் குறைகிறது. பெட்ரோல் எஞ்சினில் இதைவிட நுட்பமான இழப்பு ஒன்றும் உண்டு. காற்று உட்புகும் வழியில் உள்ள த்ராட்டில் என்னும் தடுக்கிதழ் பாதி மூடியிருக்கும்போது, அந்த இடுக்கின் வழியாகக் காற்றை இழுப்பதற்கே எஞ்சின் தன் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிட வேண்டியிருக்கிறது. உறிஞ்சுகுழலை விரலால் நெரித்துக்கொண்டு இளநீர் குடிப்பவர் படும் பாடு போன்றது அது. உயர்ந்த கியரில் அதே ஆற்றலைப் பெற த்ராட்டில் அகலத் திறக்க வேண்டியிருப்பதால் இந்த இழப்பும் குறைந்துவிடுகிறது. டீசல் எஞ்சினுக்கு இரண்டாவது இழப்பு மிகச் சிறிதே என்றாலும் உராய்வுக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

எஞ்சினின் சுழற்சி, காரின் வேகம், ஆக்சிலரேட்டர் மிதிக்கப்பட்டிருக்கும் அளவு ஆகியவற்றைக் கொண்டு, இசியு எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, அடுத்த கியரில் எரிபொருள் குறைவாகச் செலவாகும் என்று கணிக்கும்போது அம்புக்குறியை ஒளிரச் செய்கிறது. எந்தக் கியர் விழுந்திருக்கிறது என்பதைக்கூடப் பல கார்கள் நேரடியாக அறிவதில்லை. எஞ்சின் சுழற்சிக்கும் வண்டியின் வேகத்துக்கும் உள்ள விகிதத்திலிருந்து ஊகிக்கின்றன, கிளட்சை மிதித்தவுடன் சில கார்களில் கியர் எண் மறைந்துபோவதும் அதனால்தான். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே தன் சிக்கன வகைக் கார்களில் இத்தகைய விளக்கைப் பொருத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய 661ஆம் எண் ஒழுங்குமுறை, கையால் கியர் மாற்றும் பயணிகள் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கி, புதிய வகைகளுக்கு 2012 நவம்பர் முதலும், புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்துக்கும் 2014 நவம்பர் முதலும் நடைமுறைப்படுத்தியது.

அம்புக்குறிக்கு முன்னே வரும் சாலை தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், இரு வளைவுகளுக்கிடையே ஏற்றம் சற்றுத் தணியும் இடத்தில் ஓட்டுநர் மிதியைத் தளர்த்தினால், அது கியரை உயர்த்தச் சொல்லக்கூடும். அதற்கு இணங்கியவருக்கு அடுத்த வளைவில் எஞ்சின் திணற, வண்டி உதற, அவசரமாகக் கியரைக் குறைக்க நேரிடும். இறக்கத்திலோ, தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், பிரேக் சூடேறாமல் காக்க விரும்புகிறவர் அம்புக்குறியைப் புறக்கணிப்பதே முறை.

மைலேஜ் எண்ணுக்கு வந்தால், அது டேங்கில் உள்ள மிதவையைப் பார்த்துச் சொல்லப்படுவதன்று. எரிபொருளை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிநொடி திறந்திருந்தன என்பதை இசியு அறியும். அந்த நேரத்தைக் கொண்டு எரிபொருளின் அளவையும், சக்கரச் சுழற்சியைக் கொண்டு தூரத்தையும் கணக்கிட்டு, இரண்டாவதை முதலாவதால் வகுக்கிறது. சிக்னலில் நிற்கும்போது தூரம் இல்லாததால் அப்போதைய மைலேஜ் பூச்சியமாகிறது. இறக்கத்தில் கியரை விடாமல் மிதியிலிருந்து காலை எடுத்தால், வண்டியே எஞ்சினைச் சுழற்றுவதால் இசியு எரிபொருளை அறவே நிறுத்திவிடுகிறது, எண்ணும் திரையின் உச்சிக்குப் போய்விடுகிறது. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற பரவலான நம்பிக்கை இங்கே அடிபடுகிறது. ஏனெனில் நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிந்துகொண்டே இருக்கும், வண்டியை இழுத்துப் பிடிக்கும் துணையும் போய்விடும்.

சராசரி எண்ணிலும் ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் கார் லிட்டருக்கு 10 கி.மீ.யிலிருந்து 12ஆக உயர்ந்தால் 200 லிட்டர் மிச்சமாகும், 20 கி.மீ. கொடுத்த கார் 25ஆக உயர்ந்தாலோ 120 லிட்டர்தான். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகிய இருவரும் 2008இல் சயன்ஸ் இதழில் இந்த மயக்கத்தை எடுத்துக்காட்டினர். 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் ஐரோப்பிய வழக்கில் இந்தக் குழப்பம் எழுவதில்லை. பல கார்களின் அமைப்புப் பட்டியலில் அந்த அலகுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

திரை காட்டும் சராசரி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். சரிபார்க்க விரும்புவோர், பங்க்கில் பம்ப் தானே நிற்கும்வரை டேங்கை நிரப்பி, தூரக் கணக்கைப் பூச்சியமாக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் அதே பம்ப்பில் மீண்டும் அவ்வாறே நிரப்பி வகுத்துப் பார்க்கலாம். ஆனால் இது எரிபொருள் பக்கத்துப் பிழையை மட்டுமே காட்டும். தேய்ந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 விழுக்காடு வரை குறைந்திருக்கும் என்பதால், கார் தான் ஓடியதைவிட அதிக தூரம் ஓடியதாக எண்ணிக்கொள்கிறது. அந்தத் தவறு தூரமானியிலும் அப்படியே இருப்பதால், அதைக் கண்டுபிடிக்க நெடுஞ்சாலையோரத்து மைல்கற்களைத்தான் பார்க்க வேண்டும்.