முப்பது நாள் கெடு யாருக்கு?

2024 மார்ச்சில் பாரத ஸ்டேட் வங்கி உச்ச நீதிமன்றத்திடம் கால அவகாசம் கேட்டது. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தர வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று பிப்ரவரி 15 அன்று தீர்ப்பளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, பத்திரங்களை வாங்கியவர்கள் யார், அவற்றைப் பணமாக்கிய கட்சிகள் எவை என்ற விவரங்களை மார்ச் 6-க்குள் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஜூன் 30 வரை நேரம் வேண்டும் என்று வங்கி மனுப் போட்டது. வாங்கியவர் விவரம் ஓரிடத்திலும் கட்சிகளின் விவரம் வேறிடத்திலும் இருக்கின்றன, இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது அது சொன்ன காரணம். பொருத்தச் சொல்லவில்லை, கையில் இருப்பதைக் கொடுங்கள் என்றது நீதிமன்றம். மார்ச் 11 அன்று மனுவைத் தள்ளுபடி செய்து, மறுநாள் அலுவல் நேரம் முடிவதற்குள் கொடுத்துவிட உத்தரவிட்டது. மறுநாள் விவரங்கள் ஆணையத்துக்குப் போய்விட்டன. விடுபட்டிருந்த பத்திர எண்களும், நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை அதட்டிய பின், மார்ச் 21 அன்று வந்து சேர்ந்தன.

இதே விவரங்களைத்தான் குடிமக்கள் பல ஆண்டுகளாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனிநபர் விவரம், நம்பிக்கையின் பேரில் பெற்ற விவரம் என்று இரண்டு விதிவிலக்குகளைக் காட்டி வங்கி மறுத்துவந்தது. மேல்முறையீட்டில் மத்தியத் தகவல் ஆணையமும் 2020 டிசம்பரில், நன்கொடையாளர் பெயரை வெளியிடுவதில் பெரிய பொதுநலன் எதுவும் இல்லை என்று வங்கியின் பக்கமே நின்றது. எல்லாம் வெளிவந்து, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் நாடே பட்டியலைப் படித்து முடித்த பிறகும், 2024 ஏப்ரலில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா மனுவில் கேட்டிருந்த அந்த விவரங்களுக்கு, பழைய இரண்டு விதிவிலக்குகளையே எழுதி வங்கி மறுப்புக் கடிதம் அனுப்பியது.

மறுப்பதால் ஒருவருக்கும் எந்தக் கெடுதலும் வராது என்று தெரிந்த அலுவலகம்தான் இப்படி எழுத முடியும். உச்ச நீதிமன்றம் கேட்டால் ஒரே நாளில் கிடைப்பது, பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுகிறவருக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் சட்டத்தின் பலவீனம் அல்ல. இந்தச் சட்டத்தைப் போல அதிகாரியைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கும் சட்டங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அந்தப் பொறுப்பை யாரும் வசூலிப்பதில்லை என்பதே நோய்.

சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கோபம் புரியும். ராஜஸ்தானில் அருணா ராயும் நிகில் தேயும் சங்கர் சிங்கும் கிராம மக்களோடு சேர்ந்து 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், பஞ்சநிவாரண வேலைக்கு வந்த கூலிகளுக்கு ஏன் முழுக்கூலி கிடைக்கவில்லை என்ற கேள்வியில்தான் ஆரம்பித்தது. வருகைப் பதிவேட்டைக் காட்டு என்றார்கள். அது அரசு ரகசியம் என்றது நிர்வாகம். 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. ஊரார் முன்னால் பதிவேட்டை உரக்கப் படித்தார்கள். இப்படி ஊர் ஊராக நடந்த விசாரணைகளில், செத்துப்போனவர்கள் வேலை செய்ததாக எழுதியிருந்ததும், கட்டாத கட்டடத்துக்குப் பணம் போயிருந்ததும் அம்பலமாயின. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற முழக்கம் அந்த மக்களுடையது. படித்த நகரவாசிகளின் ஆர்வத்தில் பிறந்த சட்டம் இது என்று சிலர் நினைக்கிறார்கள். கூலி பறிபோனவர்கள் கேட்டு வாங்கிய சட்டம் இது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1997-லேயே இந்தியாவில் முதல் மாநிலமாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது நாம்தான். ஆனால் அதில் விதிவிலக்குகள் மலிந்திருந்தன. தவறிய அதிகாரிக்குத் தண்டனை இல்லை. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அந்த இரண்டாவது குறை சரிசெய்யப்பட்டிருந்தது.

எப்படி என்று பாருங்கள். மனுவுக்கு 30 நாளில் பதில். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். கெடு தாண்டினால் கேட்ட நகல்களைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று மனுதாரரிடம் கேட்கக் கூடாது. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்த அதிகாரியுடையது. நியாயமான காரணமில்லாமல் தாமதித்தால் 20-வது பிரிவின்படி நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 25,000 ரூபாய். அரசுக் கஜானாவிலிருந்து அல்ல, அந்தப் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து. கோப்பை வைத்துக்கொண்டு கொடுக்க மறுக்கும் சக அதிகாரியையும் தகவல் அலுவலராகவே கருதித் தண்டிக்கலாம் என்று 5-வது பிரிவு சொல்கிறது. கீழ்நிலை ஊழியர் ஒருவரைத் தகவல் அலுவலராக உட்காரவைத்துவிட்டு மேலே இருப்பவர் தப்பிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இவ்வளவும் தாளில் இருக்க, நடப்பது வேறு. மனுப் போட்டவர்கள் வீட்டில் இருக்கும் பதில் கடிதங்களை வாங்கிப் படித்தால் சில வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். 'கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.' 'தங்கள் மனு வினா வடிவில் உள்ளதால் பதிலளிக்க இயலாது.' 'கோப்பு கண்டறியப்படவில்லை.' முதலாவது உண்மையென்றால் ஐந்து நாளில் உரிய அலுவலகத்துக்கு மனுவை அனுப்பிவைத்திருக்க வேண்டும். கடைசி வாக்கியம் மிக ஆபத்தானது. ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த ஆவணத்தைக் காணவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்திருந்தால் பொறுப்பு யாருடையது என்று விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தும் 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டப்படி, ஆவணத்தை முறைகேடாக அழிப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. காணாமல் போன கோப்புக்காக ஓர் அதிகாரி சிறைக்குப் போனதை நம் ஊர்களில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா?

மறுப்புக்குப் பிறகு முதல் மேல்முறையீடு. அதைக் கேட்பவர் அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரி. அவருக்கு 30 நாள், அதிகபட்சம் 45 நாள் கெடு உண்டு; தவறினால் அவருக்கு அபராதம் கிடையாது. பல மேல்முறையீடுகள் பதிலே இல்லாமல் இங்கேயே புதைந்துபோகின்றன. அடுத்தது 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அதை ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. எல்லாப் பூட்டையும் திறந்து வைக்கும் ஓட்டை இதுதான்.

டெல்லியிலுள்ள சதர்க் நாகரிக் சங்கடன் என்ற அமைப்பு ஆண்டுதோறும் ஆணையங்களின் செயல்பாட்டைத் தொகுத்து வெளியிடுகிறது. 2024 ஜூன் நிலவரப்படி நாடெங்கும் 4 லட்சத்துக்கும் அதிகமான மேல்முறையீடுகளும் புகார்களும் தேங்கியிருந்தன. அபராதம் விதிக்க இடமிருந்த வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் அது விதிக்கப்படவே இல்லை. ஜார்க்கண்ட் ஆணையம் 2020 மே மாதம் செயலிழந்து, ஆண்டுக்கணக்கில் ஒரு ஆணையர்கூட இல்லாமல் கிடந்தது. காலியிடங்களை உரிய நேரத்தில் நிரப்புங்கள் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் இந்த நிலை. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கலாம் என்று ஆக்கியது. ஐந்தாண்டாக இருந்த பதவிக்காலம் விதிகளில் மூன்றாண்டானது.

கணக்குப் போட்டால் தெரியும்: நூறு நாளில் அபராதம் உச்சத்தைத் தொட்டுவிடும். அதன்பிறகு ஓராண்டு இழுத்தாலும் நான்காண்டு இழுத்தாலும் அதிகாரிக்குக் கூடுதல் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. வழக்கு விசாரணைக்கு வரும்போது அவர் மாற்றலாகிப் போயிருப்பார் அல்லது ஓய்வு பெற்றிருப்பார். மனுதாரர் கேட்டது பட்டா விவரமாக இருந்தால் நிலம் கைமாறியிருக்கும்; சாலைப் பணியின் அளவுப் புத்தகமாக இருந்தால் சாலையே பெயர்ந்துபோயிருக்கும்.

அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. தகவல் அலுவலருக்குத் தனி ஊழியர் கிடையாது, வழக்கமான வேலையோடு இதையும் பார்க்கிறார். ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் மனுப் போட்டு மிரட்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. ஆனால் இதற்கான மருந்தைச் சட்டத்தின் 4-வது பிரிவே வைத்திருக்கிறது. வரவு செலவு, திட்டப் பயனாளிகள், முடிவெடுக்கும் முறை உட்பட 17 வகை விவரங்களை ஒவ்வோர் அலுவலகமும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். 2019-ல் ராஜஸ்தான் அரசு தொடங்கிய ஜன் சூச்னா இணையதளம், ஊர்வாரியாக ரேஷன், வேலைத்திட்ட விவரங்களை எவரும் பார்க்க வழிசெய்தது. முடியும் என்பதற்கு அது சாட்சி. மனுக்களின் சுமையைப் பற்றிப் புலம்பும் அலுவலகங்கள் முதலில் தங்கள் 4-வது பிரிவுக் கடமையைச் செய்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு கதவும் அடைபட்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. முன்பு பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் விவரத்தை மட்டுமே மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற வரியும் இருந்தது. இரண்டும் போய்விட்டன; தனிநபர் விவரம் என்றாலே மறுக்கலாம். பொதுநலன் கருதி வெளியிடலாம் என்னும் 8(2) பிரிவு இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது, ஆனால் பொதுநலன் உண்டா என்று முதலில் தீர்மானிப்பது, மறைக்க விரும்பும் அதே அலுவலகம். கோட் கிரானாவில் படிக்கப்பட்ட வருகைப் பதிவேடு முழுக்கப் பெயர்கள்தான். பெயர்களை நீக்கிவிட்டுப் பதிவேட்டைக் கொடுத்தால், செத்தவர் பெயரில் கூலி எடுத்தவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் 2008-லேயே லஞ்ச ஒழிப்புத் துறையை அரசாணை ஒன்றின் மூலம் இந்தச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கினார்கள். 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று, தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்றது. சட்டம் நேர்மாறாகச் சொல்வது சுட்டிக்காட்டப்பட்டதும் சில நாட்களிலேயே நீதிபதிகள் தாங்களாகவே அந்த வரிகளை நீக்கினார்கள். தவறு தெரிந்ததும் திருத்திக்கொண்ட அந்தச் செயல் பாராட்டத்தக்கது. ஆட்சிக்கு வருகிறவர்களிடமும் அதே நேர்மையை எதிர்பார்க்கிறோம்: இரண்டாம் மேல்முறையீட்டுக்கு ஒரு கெடு வையுங்கள், முதல் மேல்முறையீட்டு அதிகாரியையும் அபராதத்துக்கு உட்படுத்துங்கள், ஆணையர் பதவி காலியாகும் முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. மனுவில் ஏன், எதற்கு என்று கேட்காமல், வேண்டிய ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆணையம் வரை போக நேர்ந்தால், தகவல் கிடைத்துவிட்டது போதும் என்று வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதிக்காதீர்கள். 20-வது பிரிவின்படி அபராதமும் 19(8) பிரிவின்படி இழப்பீடும் வேண்டும் என்று மேல்முறையீட்டிலேயே எழுதுங்கள், விசாரணையிலும் வாய்விட்டுக் கேளுங்கள். ஆணையம் மறுத்தால், மறுத்ததற்கான காரணத்தை உத்தரவில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.